பன்னெண்டு தகடு

இல்லீங்க சார், அப்பிடிச் சொல்லாதீங்க. ரெக்கார்டு இத்தன சுத்தமா எங்கீயுமே பாக்கலைன்னு மத்தியானம் நீங்க சொன்னப்பவே எனக்குச் சோறு எறங்கலீங்க. பாத்திருப்பீங்க, எலையில பாதி அப்பிடியே கெடந்துது. சாமான் தரம் பாக்கற இன்ஸ்பெக்டருன்னா இந்தச் செல்லமுத்து மாதிரி இருக்கோணும்னு வேற சொல்லிப்போட்டீங்க. எங்க மொதலாளி சென்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்லு. மூணு லாரி வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்த மனுசனுங்க அவரு. இன்னிக்கு ஏரோப்ளேன் எஞ்சினுக்குச் சாமான் பண்றேன்னு சங்ககிரியில நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கறாருன்னா, உங்க ஆபீசு குடுக்கற அந்த ஒத்த அனுமதிக் காயிதத்தாலதானுங்க.

உக்காருங்க சார், இந்தப் பெஞ்சு ஆடாது. சேலத்து வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்குது. டீ சொல்லட்டுங்களா? சக்கரை கம்மியா, சரீங்க. ஏப்பா, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி.

எங்கிட்டப் படிப்புன்னு பாத்தா ஐ.டி.ஐ. மட்டுந்தானுங்க. அதுக்கு முன்னால லாரி பாடி கட்டற பட்டறையில தகரம் வெட்டிக்கிட்டு இருந்தவன். இந்தக் கம்பெனிக்கு வந்தப்ப, நிக்கல் தகட்டுக்கான ஸ்டாண்டர்டு புஸ்தகம்னு ஒண்ணக் கையில குடுத்தாங்க. பூராம் இங்கிலீசு. டிக்சனரிய வெச்சுக்கிட்டு ஆறு மாசம் படிச்சனுங்க. எங்க ஊட்ல வசந்தாமணி கேப்பா, அப்பிடி என்னத்தத்தான் அதுல போட்டிருக்குதுன்னு. நம்ம எவர்சில்வர் தட்டம் மாதிரிதான் இருக்கும் புள்ள, ஆனா அடுப்புக் கங்கு மாதிரி செவந்து நிக்கறப்பவும் நெளியக்கூடாத தகடுன்னு சொன்னேன். எப்பிடித் தெரியும்னா. அதுல துண்டு வெட்டி, செவக்கக் காச்சி, எடையத் தொங்க உட்டுருவாங்க, இருவத்திமூணு மணி நேரம் அறுந்துபோகாம நிக்கோணும்னு சொன்னேன். மாப்பள பாக்கறத உடக் கஷ்டமா இருக்குதேன்னு சிரிச்சா.

உங்களுக்குத் தெரியாததா. எந்தத் தடவை உருக்கி வாத்ததுன்னு சொல்ற உருக்கு நம்பரு அந்தத் தகட்டுல மூலைக்கு ஒண்ணா இருக்காதுங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசை வரிசையா மையில அடிச்சிருக்கும். எங்க வெட்டினாலும் வெட்டின துண்டுல நம்பரு இருக்கோணும். எந்த உருக்குல பொறந்துதுன்னு சொல்லோணும். நம்பரு இல்லீன்னா அது எத்தன பளபளப்பா இருந்தாலுஞ் செரி, பழைய இரும்புக் கடைக்குத்தான். அந்தப் பக்கத்தப் படிச்சப்ப எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. மனுசனுக்கு இப்பிடி ஒண்ணு இல்லியேன்னு நெனச்சேன்.

அது ஈரோட்டு வண்டிங்க, நம்முளுது இல்ல.

போன வருசம் மேட்டூர்ல ஒரு கம்பெனியில கூப்புட்டாங்க சார். சம்பளம் இங்க குடுக்கறத உட எச்சு, குவாட்டர்ஸும் உண்டு. போகலீங்க. வசந்தாமணி ஒரு வாரம் எங்கூடப் பேசல. எப்பிடிப் போறதுங்க? நான் போனா என்ர ரெக்கார்டு பீரோவ வேறொருத்தன் தொறப்பான். இங்கயே இருக்கவும் முடியலீங்க. தெனம் காத்தால அந்த கேட்டுக்குள்ள கால வெக்கறப்ப, உள்ள போயித் தாப்பாப் போட்டுக்கற மாதிரியே இருக்குது. ஊட்ல ரேடியோவுல நூஸு ஆரம்பிச்சா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவேன். வானத்துல சத்தங் கேட்டா அது மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பேன். கழுத்து வலிக்கும். மறைஞ்ச பொறகுதான் மூச்சு வரும். இவ என்னடான்னா எனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டி உட்டா. இந்தா பாருங்க, கையில.

இருங்க சார், சொல்றேன். சுத்தி வளைக்கறனாட்ட இருக்கும். மூணு வருசமா வாயத் தொறக்காதவன், எடுத்த எடுப்புல வர மாட்டீங்குது.

எம்பத்தொண்ணு ஆயுத பூசைங்க. அப்ப ஸ்டோர்ல பன்னெண்டு தகடு இருந்துது. எட்டு ஒரு உருக்கு, நாலு இன்னொரு உருக்கு. அந்த நாலும் மேலாப்புல, ஒரே அடுக்கா வெச்சிருந்தோம். பூசைக்கு மொத நாளு சாயங்காலம் துண்டு வெட்டி அனுப்பியிருந்த பெங்களூருச் சோதனைச் சாலையில இருந்து தபாலு வந்துது. அந்த நாலுந் தேறல. இருவத்திமூணு மணி நேரம் நிக்கோணும், பதினாலுலயே அறுந்துபோச்சு, திருப்பி அனுப்புங்கன்னு போட்டிருந்துது. லெட்டரப் பிரிச்சவன் நாந்தானுங்க. அந்த நிமிசமே நாலு மேலயுஞ் செவப்புப் பெயிண்டுல பெருக்கல் குறி போட்டு, தனியாப் பூட்டி வெக்கோணும். அதானுங்களே முறை?

ஆனா பெயிண்டு பிரசுங்கூடப் பூசையில இருந்துதுங்க. சுத்தி, கத்திரி, ஸ்கேலு, பெயிண்டு பிரசு எல்லாத்தையுங் கழுவி, சந்தனம் வெச்சு, சாமி படத்துக்கு முன்னால அடுக்கியாச்சு. அடுக்கினதுல கைய வெச்சு எடுக்க மனசு வருமுங்களா? பூசை முடிஞ்சு எடுத்துப் போட்டுக்கலாம், ரெண்டு நாளு கழிச்சுப் போட்டா அது என்ன, நடந்தா போயிரும்னு லெட்டர மடிச்சுப் பாக்கிட்ல வெச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். போறப்ப ஸ்டோர் சாவியக் காளியப்பங்கிட்டக் குடுத்தேன். பித்தாள வெளக்கு அதுக்குள்ளதான் இருந்துது.

காளியப்பன் தெரியுமுங்களே, இன்னிக்கு உங்களுக்கு எலை போட்டானே, அந்த ஆளு. எங்க கம்பெனியில அவன மாதிரி வேலை செய்ய ஆளு கெடையாது. மறுநா விடியறதுக்கு முந்தியே வந்து ஸ்டோரு பூராங் கூட்டி, கழுவி, அந்தப் பன்னெண்டு தகட்டையும் வெளிய எடுத்து, ரெண்டு பக்கமுந் தின்னர் போட்டுத் தொடச்சிருக்கறானுங்க. பத்து மணிக்கு நான் உள்ள வாரேன், பன்னெண்டுஞ் செவுத்துல சாஞ்சு நிக்குது, மூஞ்சி பாக்கலாம், நம்பரு ஒண்ணுகூட இல்ல. ஒவ்வொண்ணுலயும் மூணு வெரல்ல திருநீறு, நடுவுல குங்குமம். கிறுக்கலா என்னமோ எழுத்தா இருந்துதுங்க, சாமிக்கு முன்னால அதோட எப்பிடிங்க வெக்கறதுங்கறான். அவனுக்குப் படிக்கத் தெரியாது சார். நான் ஒரு நாளும் அவனுக்குச் சொல்லிக்குடுக்கல. அது என்ர தப்பு.

மேலாப்புல இருந்தது எதுடான்னு கேட்டேன். எல்லாம் ஒண்ணுதானுங்களேன்னு சிரிக்கறான். கையில பொரி கடலைய வெச்சுக்கிட்டு நிக்கறேன். மொதலாளி வந்து, ஸ்டோரு இன்னிக்குத்தாண்டா ஸ்டோரு மாதிரி இருக்குதுன்னு அவனுக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்தாரு.

ஆமாங்க சார், சொல்லியிருக்கோணும். பன்னெண்டும் ஸ்கிராப்புன்னு அங்கயே சொல்லியிருக்கோணும். சொன்னா காளியப்பன் அன்னிக்கே வெளிய. எனக்கும் அதே கதி. உங்க காயிதத்த ரத்துப் பண்ணுவீங்க, முப்பத்திரண்டு பேரு ஊட்டுக்குப் போகோணும். எல்லாரும் வாயில பொரியப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க சார், சந்தோசமா. நானும் கையில இருந்த பொரிய வாயில போட்டுக்கிட்டேன். ஒவ்வொண்ணுலயுந் துண்டு வெட்டிப் பெங்களூருக்கு அனுப்பினா தெரிஞ்சிருக்கும். ஏன் அனுப்பறேன்னு கேப்பாங்களே?

கண்ணுல பாத்தா தெரியாது. தட்டிப் பாத்தேன், ஒரே சத்தம். மோந்துகூடப் பாத்தேன், சிரிக்காதீங்க. இல்ல, நீங்க சிரிக்கல. டீ ஆறுது, குடிங்க.

நீங்க மத்தியானம் வெரல வெச்சுக் காட்டி, எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னீங்களே, ரெக்கார்டுல அந்தப் பக்கம் அன்னிக்கு எழுதினதுங்க. எல்லாரும் போன பொறகு கதவச் சாத்திக்கிட்டு, மைய எடுத்து, பன்னெண்டு தகட்டுலயும் நானே நம்பரு அடிச்சேன். அப்பிடியே வரிசையில நாலு எண்ணிக் கெட்ட நம்பரு, மிச்சம் எட்டுக்கு நல்ல நம்பரு. கெட்ட நம்பரு போட்டத அனுப்பிட்டேன். அங்க யாரும் மறுபடி சோதிக்கல, நேரா ஸ்கிராப்பு. எட்டையும் அழுத்தி சாமான் பண்ணியாச்சு. எட்டுமே நல்லதாவும் இருக்கலாம். நாலு கெட்டதாவும் இருக்கலாம். எனக்கே தெரியாதுங்க.

பேனா எடுத்துட்டீங்களா. எழுதிக்கோங்க. ஒரு தகட்டுக்கு அஞ்சு சாமான். சீரியல் நம்பரு நூத்தியாறுல இருந்து நூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும், நாப்பது. எந்தெந்த எஞ்சின்ல மாட்டியிருக்குதுன்னு உங்க ஆபீசுல இருக்கும். இன்னிக்கே கழட்டச் சொல்லுங்க சார்.