படத்துக்கு வைத்த பொட்டு

பழைய போட்டோவை ஸ்கேன் செய்வதற்கு முன் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பலரும் செய்கிற தவறு இது. முகம் துணியோடு வந்துவிடும். நான் அப்படி ஒரு முகத்தைக்கூடக் கெடுத்ததில்லை, அதிகாரி அவர்களே. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதலாம் என்றீர்கள். மொழிபெயர்ப்பது உங்கள் பாடு.

என் பெயர் ரஞ்சித்குமார். சுகர் லேண்டில் ஒரு எண்ணெய் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம் ஈச்சங்காட்டுவலசு. அந்த ஊரின் பழைய படங்களைச் சேர்த்து, யார் எவர் என்று பெயர் போட்டு, ஒரு வெப்சைட் தொடங்கினேன். நியூ ஜெர்சியிலும் சன்னிவேலிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் வாட்ஸப்பில் கும்பிடு மேல் கும்பிடு போட்டார்கள். ஊரில் வீடு வீடாகப் போய்ப் படங்களை வாங்கி அனுப்பியவன் என் தம்பி வேலுமணி. பெயர்களைச் சொன்னது என்னோடு இருந்த எங்கள் அம்மா மரகதம்.

அம்மாவுக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் பழைய படத்தைக் காட்டினால், கடைசி வரிசையில் நிற்பவனின் மாமனார் பெயர் வரைக்கும் வரும். ஆபீஸ் விட்டு வந்ததும் லேப்டாப்பை அவள் மடியில் வைத்துக் கேட்பேன். அங்கேதான் தொந்தரவு. கிணறு வெட்டிய படத்தைக் காட்டினால் கிணற்றைப் பார்க்கமாட்டாள், கரையில் நிற்கும் வேலுவைப் பார்ப்பாள். பண்டிகைப் படம், பள்ளிக்கூடப் படம், எதிலும் அவள் விரல் அவனைத்தான் தேடும். ஊர் வரலாறு கேட்டால் அவன் வரலாறு வந்தது. அதே படங்களில் நானும் இருந்தேன். ஒருநாள் என்னையே காட்டி, இது யார் என்று கேட்டேன்.

"பக்கத்தூட்டுப் பையனாட்ட இருக்குது" என்றாள்.

அவளுக்கு கிரீன் கார்டு வாங்கியவன் நான். டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான். குளிப்பாட்டி ஊட்டியது என் மனைவி யாமினி, ஆனால் வீடு என்னுடையது. வேலு என்ன செய்தான்? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து பல்லைக் காட்டினான். அவ்வளவுதான். அதற்கே அவள் முகம் மலர்ந்து போகும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தங்கையின் பிரசவத்துக்காக யாமினி நியூ ஜெர்சிப் பக்கம் பிளெய்ன்ஸ்பரோ போயிருந்த சமயம். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஊர்ப் படங்கள் ஓடும் டிஜிட்டல் ஃப்ரேம் ஒன்று மாட்டியிருந்தேன். வேலுவின் படம் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது யோசனை வந்தது. நெற்றிக்கு மேலே, படத்தின் கண்ணாடியில் வைத்ததுபோல, ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். படத்தைச் சுற்றி ஒரு ரோஜா மாலை. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்ததுதான். மற்ற படங்களை எடுத்துவிட்டு இதை மட்டும் ஃப்ரேமில் நிறுத்தினேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் 'அலங்கரிக்கப்பட்ட புகைப்படம்' என்று இருக்கிறது. பகலில் வரும் நர்ஸும் அழகாக இருப்பதாகத்தான் சொன்னாள். நேற்று அதைப் பார்த்ததும் உங்கள் மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், கவனித்தீர்களா? எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவர் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடமாட்டோம்.

நான் அம்மாவிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காலையில் எழுந்தாள், எதிரே பார்த்தாள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் எல்லாம் மறந்துவிட்டு எழுந்தாள். மறுபடி எதிரே பார்த்தாள். மற்றவர்களுக்குத் துக்கம் நாள்பட ஆறும். அவளுக்குத் தினமும் அன்றுதான் எழவு விழுந்தது. ஃப்ரேமை ஆன் செய்தது மட்டும்தான் நான்.

வேலுவின் போனையும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கையிலேயே கொடுத்தேன். திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், போனைப் போர்வைக்குள் போட்டு அமுக்கினாள்.

"எம் பையனாட்டவே ஆரோ பேசுறாங்க சாமி. வேண்டாம்னு சொல்லீருங்க."

போர்வைக்குள்ளிருந்து அவன் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மறதி முற்றிவிட்டது என்று பிறகு அவனுக்கு விளக்கினேன். நம்பினான்.

இனி என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். நியாயமான எதிர்பார்ப்புதான். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள்.

"எனக்கு ஒரே பையனுங்க தம்பி. அவனும் போயிட்டானுங்க."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். அதன் பிறகு கஞ்சிக்கு அவள் வாயைத் திறக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டாயிற்று என்று நர்ஸிடம் சொல்லிவிடுவேன். கஞ்சியைத் தொட்டியில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவி வைப்பேன். ஃப்ரேமை மட்டும் அணைக்கவில்லை.

யாமினி திரும்பி வந்து அந்த அறைக்குள் போனாள். சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அம்மா பிழைக்கவில்லை. உங்களைக் கூப்பிட்டவளும் யாமினிதான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று வேலு போனில் அழுதான். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைக்குப் பழமொழி வேறு.

வெப்சைட்டில் அம்மாவுக்கும் ஒரு பக்கம் போடச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பண்டிகைப் படத்தைத்தான் எடுத்தேன். அதில் அம்மா இடது பக்கம் திரும்பி வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். அங்கே நின்றது வேலு. நான் வலது ஓரத்தில் இருந்தேன். அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை நிறுத்தினேன். ஒட்டிய தடம் தெரியாது, எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பாருங்கள். அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று உங்களுக்கே தெரியும்.