கிடாவுக்கு வைத்த மருந்து

ஆடு சினை பிடிக்கவில்லை என்றால் முதலில் கிடாவைத்தான் பார்க்க வேண்டும், சார். ஆடு வளர்க்கிறவன் எவனும் பெட்டையைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டான். இங்கே மேருவில் இருபத்திரண்டு வருடமாக ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற எனக்கு இது தெரியும். என் சம்பந்தி நல்லம்மாளுக்குத்தான் தெரியவில்லை.

என் மகள் புனிதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த வருடம் நல்லம்மாளின் இளைய மருமகளுக்கு வளைகாப்பு நடந்தது. வளையல் போடப் போன புனிதாவின் கையிலிருந்து அந்த அம்மாள் வளையலை வாங்கிக்கொண்டார். "நீ பின்னால நில்லும்மா. நல்ல காரியம் லா," என்றார், சிரித்துக்கொண்டே. மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற மருமகன் குகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே என்று குகனிடம் தன்மையாகத்தான் கேட்டேன். "எனக்கென்ன குறை மாமா? உங்க மகளைக் காட்டுங்க," என்றான். அவளை மூன்று டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

அந்தச் சமயத்தில் என் பெரிய கிடா சோர்ந்து கிடந்தது. கால்நடை டாக்டர் மெலடோனின் வில்லைகள் கொண்டுவந்தார். இருட்டினால் உடம்பே சுரந்துகொள்கிற பொருளாம். நமக்குத் தூக்கம் வருவதும் அதனால்தானாம். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைத்தால் கிடாவின் விந்து தேறும், ஆனால் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்தேன். ஒன்பது ஆடுகள் சினை பிடித்தன. மீதி வில்லைகள் என்னிடமே இருந்தன.

ஞாயிறுதோறும் மகளும் மருமகனும் சுங்கை வேயிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள். வாரம் ஒரு வில்லையைப் பொடித்துக் குகனின் இஞ்சி டீயில் கலந்தேன். தூக்கம் வரும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் வாரமே காரில் ஏறியதும் தலை சாய்ந்துவிட்டான். அதிலிருந்து திரும்பும்போது புனிதாதான் ஓட்டுவாள்.

ஒன்பதாவது ஞாயிறு அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அம்மா வேற பொண்ணு பாக்கவான்னு கேக்கறாங்க மாமா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." புனிதா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. அன்று டீயில் மூன்று வில்லை போட்டேன்.

கிளம்பும்போது அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு சாவியைப் புனிதாவிடம் நீட்டினான். "ஏன் மாப்பிள்ளை, இதுக்கும் உங்களால முடியலையா?" என்றேன். முகம் சிவந்துபோய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"சும்மா இருங்கப்பா. அவருக்குத் தூக்கம் வருது, நான் ஓட்டறேன்," என்றாள் புனிதா. அவன் கேட்கவில்லை. அவள் அவனுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்டைச் சாத்தினேன்.

ஷா ஆலம் தாண்டுவதற்குள் சாலையோரம் நின்றிருந்த ஒரு லோரிக்குள் கார் புகுந்தது. புனிதா உட்கார்ந்திருந்த இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. அவனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது.

"தூங்கிட்டேன் மாமா, நானே கொன்னுட்டேன்," என்று ஆஸ்பத்திரியில் அழுதான். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் மேல் கேஸ் போடப் போகிறார்கள் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பதினாறாம் நாள் காரியம். பிரேதப் பரிசோதனையில் எட்டு வாரக் கரு இருந்தது தெரியவந்ததாம். அவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ, யாரிடமும் சொல்லவில்லை. நல்லம்மாள் என் வீட்டில், என் மகள் படத்துக்கு முன்னால், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பாத்தீங்களா சம்பந்தி, என் மகன்கிட்ட குறை இல்லன்னு அப்பவே சொன்னேன்ல."

அதனால்தான் இன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் விரலை மடக்கிப் பார்க்கிறீர்கள். முதல் டீ கொடுத்தே எட்டு வாரம்தான், இரண்டு மாதம் ஆகாமல் அந்த மருந்து பிடிக்காதே என்று நினைக்கிறீர்கள். அது ஆட்டுக்கு, சார். மனிதனுக்குச் சீக்கிரம் பிடித்திருக்கும். அந்தக் கரு என் மருந்தால்தான் வந்தது. அதை முதலில் எழுதுங்கள். புனிதா செத்ததை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.