மேசைமேல் அளந்த பாவாடை

கொஞ்சம் இருங்க... பின்னாடி இருக்கறவங்களும் கேளுங்க. ஒரு சின்னக் கதை சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன். கதைன்னதும் சிரிக்கத் தயாராகாதீங்க... எனக்கு இதை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

எங்க தெருவுல செண்பகவல்லின்னு ஒரு அக்கா. தீப்பெட்டி ஆபீசுல வேலை. அவங்க மக உமையாள், ஏழாங்கிளாஸ். பிறக்கும்போதே இடது கால் கொஞ்சம் குட்டை. நின்னா இடுப்பு இடது பக்கம் இறங்கும். ஆனா குரல் இருக்கே... அடேயப்பா! பள்ளிக்கூட ஆண்டு விழாவுல கடவுள் வாழ்த்துப் பாட முன்வரிசையில அவளைத்தான் நிறுத்தியிருந்தாங்க. பன்னெண்டு பிள்ளைங்க. எல்லாருக்கும் அரக்குக் கலர் பாவாடை, அவங்கவங்க வீட்டுலயே தைச்சுக்கிட்டு வரணும்னு உத்தரவு.

அக்காவுக்குத் தையல் தொழில் இல்ல, வீட்டுல மெஷினும் இல்ல. துணியை மூட்டி, மேல சுருக்கு வச்சு, இடுப்புப்பட்டை வச்சு, நடுவுல ஒரு டக்கு மடிச்சு, எல்லாம் கைத்தையல். கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. அதுக்கு என்ன பண்ணுனாங்க தெரியுமா? பாவாடையைப் போட்டுவிட்டு மகளைத் தரையில நிக்க வச்சாங்க.

"ஏட்டி, நீ எப்படி நிப்பியோ அப்படியே நில்லு. எனக்காக விறைச்சுக்கிட்டு நிக்காத."

மண்டி போட்டாங்க. மர ஸ்கேலைத் தரையில ஊன்றி, தரையிலேர்ந்து மேல எட்டு இஞ்ச்... சுத்திச் சுத்தி சாக்பீஸால புள்ளி வச்சாங்க. புள்ளி போன வழியில மடிச்சுத் தைச்சாங்க. பாவாடையில வலது பக்கம் ரெண்டு இஞ்ச் கூடுதலா வந்துச்சு. ஆனா பிள்ளை போட்டுக்கிட்டு நின்னா... விளிம்பு முழுக்க ஒரே மட்டம்! உமையாள் கண்ணாடி முன்னால நாலு சுத்து சுத்திட்டு, "அம்மா, எல்லாருக்கும் இருக்கற மாதிரியே இருக்கும்மா"ன்னா.

அங்க வந்தாங்க பாருங்க, தையல் டீச்சர்!

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம். பன்னெண்டு பாவாடையையும் வாங்கி மேசைமேல விரிச்சாங்க. அளவு நாடாவை எடுத்தாங்க. பதினொண்ணு சரி. பன்னெண்டாவது?

"யாரு தைச்சது இது? ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ... கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சாங்களா உங்கம்மா?"

பிள்ளை வாயைத் திறக்கறதுக்குள்ள கத்தரிக்கோல்! கர்ர்... கர்ர்... அந்த ரெண்டு இஞ்சையும் வெட்டி, மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டி, "இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

போட்டுக்கிட்டா உமையாள். வலது பக்கம் தூக்கிக்கிச்சு, இடது பக்கம் தொங்குது. பக்கத்துல நிக்கறவ களுக்குன்னு சிரிக்கறா. டீச்சர் என்ன சொல்லணும்? "ஐயோ, தப்புப் பண்ணிட்டேனே"ன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லலையே! என்ன சொன்னாங்க தெரியுமா?

"நீ நேரா நில்லு. நீ நேரா நின்னா பாவாடையும் நேரா நிக்கும்."

...கேட்டீங்களா? நேரா நிக்கணுமாம்! இடது காலை எங்க போயி வளர்த்துக்கிட்டு வருவா அந்தப் பிள்ளை?

வீட்டுக்கு வந்து, "நான் பாடலம்மா. வேற யாரையாவது நிறுத்தச் சொல்லு"ன்னு அழுதுக்கிட்டே சுருண்டு படுத்துட்டா. அக்கா பாவாடையை எடுத்துப் பார்த்தாங்க. புரிஞ்சுபோச்சு. ஊசி, நூல், ஸ்கேல், மக... எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க.

"டீச்சர், எம்மக பாவாடையை ஏன் வெட்டுனீங்க?"

"கோணலா இருந்துச்சும்மா. அளந்து பார்த்துத்தான் வெட்டினேன். நாடா பொய் சொல்லுமா?"

"நாடா பொய் சொல்லாது டீச்சர். நீங்க மேசைமேல போட்டு அளந்தீங்க. மேசைக்கா பாவாடை கட்டப்போறீங்க?"

அக்கா அங்கேயே தரையில உட்கார்ந்தாங்க. வளர்ற பிள்ளைக்குப் பாவாடையில ஒரு டக்கு மடிச்சுத் தைப்போமே, அடுத்த வருஷம் உயரமானா பிரிச்சு நீட்டிக்கலாம்னு... அந்த டக்கை வலது பக்கம் மட்டும் பிரிச்சாங்க. மகளுக்குப் போட்டுவிட்டு, ஸ்கேலை டீச்சர் கையில கொடுத்தாங்க.

"நீங்களே அளங்க. குனிஞ்சு, தரையிலேர்ந்து அளங்க."

டீச்சர் மண்டி போட்டாங்க. முன்னாடி எட்டு. பின்னாடி எட்டு. இடது எட்டு. வலது... எட்டு.

மறுநாள் முன்வரிசையில நின்னு பாடினா உமையாள்.

கை தட்டாதீங்க! எதுக்குக் கைதட்டு? அடுத்த வருஷத்துக்குன்னு ஒரு தாய் மடிச்சு வச்ச துணி, ஒருத்தங்க கேட்காம வெட்டினதால இந்த வருஷமே போச்சு. "ஏம்மா இப்படித் தைச்சிருக்கு"ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தப் பிள்ளை அன்னிக்கு அழுதிருக்குமா?

இப்ப நம்ம விஷயத்துக்கு வாங்க. நம்ம ஊர் நூலகத்துல, படியேற முடியாத நமக்குன்னு சாய்தளம் கட்டியிருக்காங்க. ஆறு வருஷம் நாம மனு கொடுத்து வந்தது. போன வாரம் நம்ம இருளப்பன் அண்ணன் வீல்சேரை அதுல உருட்டிப் பார்த்தார். பாதியிலயே சறுக்கி, பின்னாடியே வந்து கேட்டுல மோதி நின்னார். முழங்கைத் தோல் பேந்துபோச்சு. இன்ஜினியர்கிட்ட போய்க் கேட்டா வரைபடத்தை விரிச்சுக் காட்டுறார். "எல்லாம் அளவுப்படி இருக்கு. உங்களுக்குத்தான் ஒழுங்கா உருட்டத் தெரியலை"ங்கறார்.

அந்தப் பிள்ளைக்கு நிக்கத் தெரியலை, நமக்கு உருட்டத் தெரியலை... அளந்தவங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும்! நமக்காகக் கட்டறோம்னு சொல்லிட்டு, நம்மளைத் தவிர எல்லாரையும் கேட்டிருக்காங்க. இதைப் பொறுத்துக்கிட்டுப் போகணுமா நாம?

நாளைக்குக் காலையில திறப்பு விழா. எல்லாரும் போறோம். என் வீல்சேரையே தர்றேன், இன்ஜினியர் ஐயா உட்காரட்டும். யாரும் தள்ளக் கூடாது. அவர் கையால உருட்டி மேல போயிட்டார்னா, நான் வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறேன். போக முடியலைன்னா... அதை இடிச்சு, நம்மளை வச்சு அளந்து, திரும்பக் கட்டுற வரைக்கும் அந்த வாசலைவிட்டு நாம நகரப் போறதில்லை. வர்றீங்களா?

...காதுல விழலை. வர்றீங்களா?