உள்பக்கக் கைப்பிடி

இந்த அறைக் கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது, மேடம். வந்ததிலிருந்து நீங்கள் காலை மடக்கி மடக்கி வைத்துக்கொள்வது அதனால்தான். ஒரு ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் மெல்லிசு, தடிமன் என்று இரண்டு காட்டுவார், தடிமனை வாங்குங்கள். முப்பத்து நாலு வருஷம் குளிர் அறை கட்டியவன் சொல்கிறேன். மீன், மருந்து, ஐஸ்கிரீம் என்று உலகத்தில் கெட்டுப்போகக்கூடிய எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கிறேன். நான் கட்டிய அறையில் வைத்த மீன், கடலில் இருந்ததைவிடச் சுகமாக இருக்கும். கம்பெனியில் என்னைப் பனிக்கரடி என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் பழக்கம், எழுதும்போது நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

வேனைப் பற்றிக் கேட்டீர்கள். ஓய்வு பெற்ற மறு மாதம் வாங்கினேன். ரொட்டிக் கம்பெனியின் பழைய சரக்கு வேன். நாலு சக்கரமும் இழுக்கும். சேறு, பனி, செங்குத்து எங்கே விட்டாலும் ஆடு மாதிரி ஏறும். உள்ளே வெறும் தகரம், மூலையில் இரண்டு ரொட்டித் துணுக்கு. அதை வெயில், மழை, காற்று, உறைபனி எது வந்தாலும் தாங்குகிற வீடாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் மனைவிக்காகத்தான். கல்யாணமான புதிதில் பனி பார்க்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிற நேரத்தில் எங்காவது ஒரு குளிர் அறை பல்லிளிக்கும், நான் ஓடுவேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். சரி, இனிமேல் போகலாம் என்று நினைத்தேன்.

பதினாலு மாதம். தரையில் தக்கை, சுவரில் ஆட்டு ரோமப் பஞ்சு, அதன்மேல் பிளைவுட். தகரமும் மரமும் நேராகத் தொட்டுக்கொண்டால் குளிர் அந்த வழியாகவே உள்ளே நடந்து வரும், தொடாமல் கட்டினேன். மூச்சுவிட்டால் சுவர் வியர்க்கும், வியர்க்காமல் கட்டினேன். டீசல் ஹீட்டர் ஒன்று வைத்தேன், வண்டியின் டேங்கிலிருந்தே குடிக்கிற மாதிரி. அதன் உறிஞ்சு குழாயை மட்டும் கொஞ்சம் குட்டையாக வெட்டினேன். டேங்கில் கால் பங்கு இருக்கும்போதே ஹீட்டர் நின்றுவிடும். இல்லாவிட்டால் மொத்தத்தையும் குடித்துவிடும், பிறகு வீடு திரும்ப வண்டிக்கு எண்ணெய் ஏது? இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினோராம் பக்கம். அவன் படிக்கவில்லை.

அவன் என்றால் என் மச்சினன். மனைவியின் தம்பி. மெத்தைக் கடையில் மேலாளர். பதினாலு மாதத்தில் அவன் செய்த வேலையைச் சொல்கிறேன்: இரண்டு தடவை டார்ச் பிடித்தான். அதில் ஒரு தடவை கூரையைப் பார்த்துப் பிடித்தான். மற்ற நேரமெல்லாம் கையில் போன். முதலில் நான் சும்மா படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

“உங்க மச்சினர் பிரமாதமா வேன் கட்டுறாரே. வாராவாரம் பாத்துடுவேன். நீங்களும் கூடமாட ஒத்தாசை பண்றீங்க போல?”

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தெட்டு வீடியோ. ‘நாடோடி’ என்று பெயர் வைத்துக்கொண்டு, என் மரத்தூளைத் தன் தலையில் தூவிக்கொண்டு பேசுகிறான். “நண்பர்களே, இன்னிக்கு நான் சுவருக்குப் பஞ்சு வைக்கப் போறேன்.” பிறகு ஒரு கை வந்து பஞ்சு வைக்கிறது. அந்தக் கை என்னுடையது. இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது பாருங்கள், அதேதான். முப்பத்தெட்டு வீடியோவிலும் என் கை நடித்திருக்கிறது, முகம் ஒன்றில்கூட இல்லை. கீழே யாரோ கேட்டிருந்தார்கள், அந்தக் கை யாருடையது என்று. அதற்கு இவன் பதில்: ‘ஒரு பெரியவர் உதவிக்கு இருக்கார், பாவம்.’

பாவம் என்ற அந்தச் சொல்லை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

நான் கத்தவில்லை. சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“ஏன் மாப்ள, வேன் யார் கட்டுறது?”

“என்ன அத்தான் இப்படிக் கேக்குறீங்க? நாமதான்.”

“வீடியோல நான்னு சொல்றியே.”

“அய்யோ அத்தான், அது ஒரு ஸ்டைலு. கதைக்கு ஒரு ஹீரோ வேணுமில்ல? உங்களக் காட்டினா ஜனம் ரிப்பேர் வீடியோன்னு நினைச்சுடும்.”

என் மனைவி சிரித்தாள். வெகு நாள் மூடி வைத்த டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு சிரிப்பு. “விடுங்க, சின்னப் பையன்” என்றாள். அந்தச் சின்னப் பையனுக்கு நாற்பத்தாறு வயது. ஆனால் தண்ணீர் எடுத்து வைத்தது யார் என்று கேளுங்கள்; நான்தான், அவனுக்கும் சேர்த்து.

அதன்பிறகு அவன் யோசனை சொல்ல ஆரம்பித்தான். ஓட்டுநர் இருக்கைக்கும் பின் அறைக்கும் நடுவில் நான் ஒரு சின்னக் கதவு விட்டிருந்தேன். “அத அடைச்சிடுங்க அத்தான், பேசும்போது பின்னாடி ஒரே சுவரா இருந்தாத்தான் படம் எடுப்பா வரும்.” அடைத்தேன். பின்கதவை ஒட்டிக் கட்டில் வேண்டும், மடக்கக் கூடாது என்றான். அடித்துப் பொருத்தினேன். கருவிப் பெட்டி அசிங்கமாக இருக்கிறது என்றான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போட்டேன். ஆக உள்ளே போகவும் வரவும் மிஞ்சியது பக்கவாட்டில் இழுக்கிற கதவு ஒன்றுதான். கூரையில் காற்றுக்கு ஒரு திறப்பு உண்டு, அதில் தலை போகும், தோள் போகாது. இவையெல்லாம் அவன் கேட்டவை. நான் செய்து கொடுத்தவன் மட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, மேடம். குளிர் அறை கட்டி முடித்தால், ஒப்படைப்பதற்கு முன்னால் கட்டியவனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். பிறகு உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளித் தானே வெளியே வர வேண்டும். வந்தால்தான் கதவில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்த அட்டை ஒட்டலாம். முப்பத்து நாலு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அறை, ஒன்றில்கூட ஒரு கூலியாள் சிக்கிக்கொண்டதில்லை. வேனிலும் செய்தேன். உள்ளே போனேன், சாத்தினேன், கால் மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்தேன், திறந்தேன், வந்தேன். அட்டை ஒட்டினேன். அந்த அட்டையில் ஒரு பொய்யும் இல்லை.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன், அடுத்த வாரம் கிளம்பலாம் என்று.

“எங்க?”

“மலைக்கு. பனி பாக்க.”

“எனக்குக் குளிர் ஆகாதுங்க. முட்டி புடிச்சுக்கும். தம்பி கேட்டான், முதல்ல அவன் போயிட்டு வரட்டும்னு சாவியக் குடுத்துட்டேன்.”

சாவியைக் கொடுத்துவிட்டாள். ஒரு கரண்டியைக் கடன் கொடுத்த மாதிரி சொன்னாள். “நீங்கதான் பாதி ஆயுச ஐஸ் பெட்டிக்குள்ள கழிச்சீங்க. மீதிக்கும் என்னையும் ஒரு பெட்டிக்குள்ள கூப்புடுறீங்களே” என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலை நான் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்வது ஒரு இரும்புக் கிளிப், சுண்டுவிரல் நகம் அளவு. அதை எடுத்துவிட்டு ஒரு மட்டரகப் பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டினேன். வீட்டு வாசலில் அது நன்றாக வேலை செய்யும், நூறு தடவை திறந்து மூடலாம். ஆனால் கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியாகிவிடும். கைப்பிடியைத் தள்ளினால் உடைந்து விழும், அப்புறம் கைப்பிடி சும்மா ஆடும். வெளியிலிருந்து மட்டும் திறக்கலாம். என் வேலைக்காலத்தில் எத்தனை இடத்தில் அந்த மாதிரிக் கிளிப்பைப் பிடுங்கி எறிந்து, மாட்டியவனைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? கொலைகாரப் பயலே என்றுகூடத் திட்டியிருக்கிறேன். பலகையைத் திரும்பப் பொருத்தும்போது பசையும் போட்டேன்.

அவனைப் பயமுறுத்தத்தான் செய்தேன். இதை நீங்கள் அழுத்தி எழுத வேண்டும். கொஞ்ச நேரம் சிக்கிக்கொள்ளட்டும், நான் போய்த் திறக்கிறேன், கட்டியவன் யார் என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

மேல் கணவாய்க்குப் போகிறேன் என்றான். குளிர்காலத்தில் அங்கே ஈ காக்காய் கிடையாது, போன் எடுக்காது. அதுதான் அவனுக்கு வேண்டும், ‘உலகத்தோடு தொடர்பில்லாமல் மூன்று நாள்’ என்று தலைப்புகூட வைத்துவிட்டான். டேங்கில் அரைக்குக் கொஞ்சம் கூடத்தான் டீசல் இருந்தது. நிரப்பிக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஹீட்டர் ஒரு வாரம் ஓடும் என்று அவன் முப்பத்தொன்றாவது வீடியோவில் ஏற்கனவே ஊருக்கே சொல்லியிருந்தான். கட்டியவனுக்குத் தெரியாதா?

முதல் நாள் போகவில்லை. போனால் அவன் இன்னும் பயந்திருக்க மாட்டான். இரண்டாம் நாள் மழை. மனைவி கேட்டாள், “உள்ள சூடா இருக்குமில்ல?” என்று. “நான் கட்டினது” என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் யாராவது அதை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தம் வரை போனேன். அங்கிருந்து பனி வாரும் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

“என்ன பெரியவரே, இந்தக் குளிர்ல சாகக் கிளம்பிட்டீங்களா?”

“மச்சினன் மேல இருக்கான். பாத்துட்டு வரேன்.”

அவர் திருப்பத்தில் இறக்கிவிட்டு மேலே பனி வாரப் போனார். வேன் தனியாக நின்றது, கூரைத் திறப்பு தெரியாத அளவுக்கு மேலே பனி மூடியிருந்தது. அடியில் குனிந்து ஹீட்டரின் புகைக்குழாயைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கதவில் உள்ளங்கையை வைத்தேன். தட்டுவது தெரிந்தது, மெதுவாக, விட்டு விட்டு. காதால் கேட்கவில்லை, கையால்தான். சத்தியமாக நான் திறக்கத்தான் போனேன், மேடம். கை வெளிக் கைப்பிடி மேல்தான் இருந்தது. அப்போது மூக்குக்கு நேராக அந்தப் புது ஸ்டிக்கரைப் பார்த்தேன். கதவின் அகலத்துக்கு, சிவப்பு எழுத்தில்: ‘வடிவமைப்பு, உருவாக்கம்: நாடோடி.’

இரண்டு தடவை படித்தேன். கையை எடுத்துக்கொண்டேன். அவன் கட்டியதுதானே, அவனே திறந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். தட்டுவது நின்றது, மறுபடி ஆரம்பித்தது. நான் பனியில் கால் மணி நேரம் நின்றேன். திரும்பும்போது வண்டிக்காரர் கேட்டார்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். நல்லா இருக்கான்.”

அவர் பாவம் நம்பிவிட்டார். ஐந்தாம் நாளும் வேன் அதே இடத்தில் நிற்கிறதே என்று அவர்தான் கதவை இழுத்து உடலைப் பார்த்திருக்கிறார். சுலபமாகத் திறந்தது என்று உங்களிடம் சொன்னாராமே. திறக்கும், வெளியிலிருந்து.

என் மனைவி உங்கள் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நான் உன்னோடு வந்திருந்தால் அந்த இரும்புக் கிளிப்பை விட்டு வைத்திருப்பாயா என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவள் ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. விட்டு வைத்திருப்பேன் என்றுதான் சொன்னேன். அவள் ஏன் நகர்ந்து உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் போனில் இருந்ததை நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். பலகையைக் கரண்டியால் சுரண்டியிருக்கிறான். பசை நல்ல பசை. மூன்றாம் நாள் எடுத்த வீடியோத் துண்டில், கதவைப் பார்த்து, உதடு நீலமாக, அவன் சொல்வதை நானும் கேட்டேன். “அத்தான், நீங்கதானே? இது நீங்க கட்டினது அத்தான். முழுக்க நீங்கதான். நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.” நான் வெளியே கையை வைத்துக்கொண்டு நின்ற அதே நேரம் அது, வீடியோவில் பதிந்த நேரத்தைப் பார்த்தால் தெரிகிறது. இதைத்தானே பதினாலு மாதமாக நான் கேட்டேன்? அது மட்டும் என் காதில் விழுந்திருந்தால் அந்த நொடியே திறந்திருப்பேன். விழாததற்கு நான் என்ன செய்ய முடியும், மேடம்? சுவர் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.