மூணு தடவை கட்டின சுவர்

அர்ஜுனன்: பிரிடா.

சந்திரன்: மாமா…

அர்ஜுனன்: பிரின்னா பிரி. சுவரு நடுவுல வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது.

சந்திரன்: காலையிலேர்ந்து ரெண்டு தடவை பிரிச்சாச்சு, இது மூணாவது. செங்கல்ல கழுவிக் கழுவி என் கை வெந்துபோச்சு.

அர்ஜுனன்: மேஸ்திரி வீட்டுல கோணச் சுவரா? அல்சூர் பூரா சிரிக்கும். இங்கேர்ந்து ஏரிக்கரை வரைக்கும் நான் கட்டின சுவரு நிக்குது. ஒண்ணாவது சாஞ்சுதா?

சந்திரன்: அக்கா, உன் வீட்டுக்காரரக் கொஞ்சம் கேளேன். இடுப்பு உசரச் சுவரு. துணி துவைக்கிற கல்லுக்கு மறைப்பு. இதுக்குப் போயி இந்தப் பாடு…

மங்களம்: நான் இன்னாத்தக் கேக்கறது? கட்டறவன் நீ, பாக்கறவரு அவரு. தம்பின்னு உன்னக் கூப்பிட்டேன், அதோட என் வேலை முடிஞ்சுது.

அர்ஜுனன்: முப்பத்தெட்டு வருஷமா மறைப்பில்லாம துவைச்சவளுக்கு இப்ப எதுக்குடி சுவரு?

மங்களம்: வெக்கம் லேட்டா வந்துச்சு.

சந்திரன்: சரி மாமா, தூக்குக்குண்ட விடறேன். நீங்களே பாருங்க. ரெண்டு கண்ணையும் நல்லாத் திறந்து…

அர்ஜுனன்: எந்த மேஸ்திரிடா ரெண்டு கண்ணால மட்டம் பாப்பான்? ஸ்வல்ப தள்ளு, வெளிச்சத்த மறைக்காத… ம்…

சந்திரன்: நூலும் சுவரும் ஒட்டி நிக்குதா?

அர்ஜுனன்: ஒட்டித்தான் நிக்குது.

சந்திரன்: அப்பாடா.

அர்ஜுனன்: நூலும் வளைஞ்சிருக்கு.

சந்திரன்: நூலா!

அர்ஜுனன்: இன்னாடா?

சந்திரன்: மாமா, கீழ அரைக்கிலோ இரும்பு தொங்குது.

அர்ஜுனன்: தொங்கட்டும்.

சந்திரன்: அரைக்கிலோ தொங்கற நூலு எப்படி மாமா வளையும்?

அர்ஜுனன்: காத்து.

மங்களம்: கொடியில துணி அசையல.

அர்ஜுனன்: அப்ப நூலு மட்டமான நூலு. பாத்து வாங்கறதில்ல.

சந்திரன்: இது உங்க நூலு. நீங்க வேலைய விட்டப்ப எனக்குக் குடுத்தது.

மங்களம்: ஏன்யா… இன்னிக்குக் காலையில அட்டையப் பாத்தியா?

அர்ஜுனன்: பாத்தேன், பாத்தேன். கோடெல்லாம் நேரா இருக்கு. தினம் கேக்கற, தினம் சொல்றேன்.

சந்திரன்: இன்னா அட்டைக்கா?

மங்களம்: பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கே, கட்டம் போட்ட அட்டை. ஆறு மாசம் முன்னாடி கண்ணாடி மாத்தப் போனாரு. டாக்டரம்மா கண்ணுக்குள்ள பாத்துட்டு, விழித்திரை நடுவுல மஞ்சப் புள்ளியா படிஞ்சிருக்குன்னாங்க.

அர்ஜுனன்: வயசானா வர்றது. தலை நரைக்கல?

மங்களம்: வயசு மட்டும்னா சொன்னாங்க? முழுசாச் சொல்லு. பீடி குடிப்பீங்களான்னு கேட்டாங்க.

அர்ஜுனன்: எப்பவாவது ஒண்ணுன்னேன்.

மங்களம்: சொல்லும்போதே சட்டப் பையிலேர்ந்து கட்டு கீழ விழுந்துச்சு. டாக்டரம்மாவே எடுத்துக் குடுத்தாங்க. பிபி இருக்கான்னு கேட்டாங்க…

அர்ஜுனன்: இருந்துச்சுன்னேன்.

மங்களம்: இருக்கு. மாத்திரையத்தான் காணோம். அப்புறம் வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி உண்டான்னாங்க.

சந்திரன்: அக்கா… உன் மாமனாரு. எப்பவும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு ஓரமா பாப்பாரே.

மங்களம்: அதேதான். நேரா பாத்தா அவருக்கு நடுவுல தெரியாது, ஓரத்துலதான் தெரியும். கல்யாணத்தன்னிக்கு நான் கால்ல விழுந்தேன், அவரு செவுத்தப் பாத்தாரு. மருமகளப் பிடிக்கலன்னு மூணு நாள் அழுதேன். பாவம், அந்த மனுசன எவ்ளோ திட்டியிருக்கேன்.

அர்ஜுனன்: செத்தவரை விடு. எனக்கு இருக்கறது உலர்ந்த டைப்பு. மெதுவா போகும்னாங்க.

மங்களம்: மீதியையும் சொல்லு. தினம் ஒத்தக் கண்ண மூடி, மாத்தி மாத்தி அட்டையப் பாருங்க. அது எப்ப வேணா ஈர டைப்பா மாறலாம். உள்ள நீர் கசிஞ்சா நேர்க்கோடு வளைஞ்சு தெரியும். வளைஞ்சா உடனே ஓடி வாங்க, கையில மருந்து ஏத்தி, கண்ணுல லேசர் லைட் அடிச்சு, இருக்கற பார்வைய நிறுத்தப் பாக்கலாம், போன பார்வை திரும்பாதுன்னாங்க.

சந்திரன்: சுவத்துல ஓதம் ஏறினா நடுவுல பூச்சு உப்பற மாதிரி.

அர்ஜுனன்: என் கண்ணு இன்னா உனக்கு ஓதம் ஏறின சுவரா?

சந்திரன்: மாமா, வலது கண்ண மூடுங்க. இடதால பாருங்க. சுவரு?

அர்ஜுனன்: … நேரா இருக்கு.

சந்திரன்: மாத்துங்க. இப்ப?

அர்ஜுனன்: பிரிடா.

மங்களம்: போதும்யா.

அர்ஜுனன்: … மூணு நாளா இருக்கு மங்களம். அன்னிக்குக் காலையில நீ தலை வாரிக்கிட்டு இருந்த. வலது கண்ணால மட்டும் உன்னப் பாத்தேன். காது இருந்துச்சு, கம்மல் இருந்துச்சு. நடுவுல மூஞ்சி இல்ல. பயந்துட்டேன்.

மங்களம்: அப்புறம் எதுக்கு அட்டை நேரா இருக்குன்ன?

அர்ஜுனன்: பொய் இல்ல. ரெண்டு கண்ணாலயும் பாத்தா நேராத்தான் இருக்கு.

சந்திரன்: தெரிஞ்சும் என்ன மூணு தடவை…

அர்ஜுனன்: சுவரு கோணலா இருந்தா என் கண்ணு நல்லா இருக்குன்னு ஆயிடுமில்ல. ஒரு தடவையாவது நீ கோணலா கட்டிட மாட்டியான்னு பாத்தேன். படுபாவி, மூணு தடவையும் நூல் பிடிச்ச மாதிரி கட்டிட்ட.

சந்திரன்: இத முதல்லயே சொல்லியிருந்தா மனசு குளுந்திருக்கும்.

மங்களம்: சட்டைய மாத்துய்யா. வாசல்ல ஆட்டோ நிக்குது. டாக்டரம்மாகிட்ட நேத்தே சொல்லி வெச்சேன்.

அர்ஜுனன்: நேத்தேயா? உனக்கு எப்படித் தெரியும்?

மங்களம்: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் கத்தி நிக்காத பீடி, மூணு நாளா தானா நின்னுச்சு. கேக்காமயே கீரை ரெண்டாம் தடவை வாங்கித் தின்ன. அதுக்கு மேல எனக்கு எந்த டாக்டரு சொல்லணும்? ஆனா கேட்டா ஒத்துக்க மாட்டியே. அவங்க சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருவாங்க, அதுவரைக்கும் நீ நழுவாம வீட்டுல இருக்கணும்.

சந்திரன்: அக்கா… இவர நிறுத்தி வெக்கவா நான் மூணு தடவை கட்டினேன்?

மங்களம்: ரெண்டாவதும் மூணாவதும் அதுக்குடா.

அர்ஜுனன்: முதல் தடவை?

மங்களம்: அட்டைன்னா ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கிட்டு என்ன ஏமாத்துவ. சுவத்து முன்னாடி நிறுத்தினா உன் இடது கண்ணு தானா மூடிக்கும்யா. அப்புறம் கோணலப் பாத்துட்டு நேரா இருக்குன்னு சொல்ல உனக்கு வாயே வராது.