மெயினுக்கு முன்னால் போட்ட இணைப்பு

தெருவில் எல்லோரும் தையக்கடை அக்கா என்று கூப்பிடும் எனக்கு வயது முப்பத்தெட்டு. கணவர் இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சந்தில் உள்ள மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்து, முன்னறையில் தையற்கடை நடத்திவருகிறேன். மாடியில் வீட்டுக்காரரும் அவருடைய மகளும் மருமகனும் வசித்துவந்தார்கள். மாடிக்குப் போக முற்றத்து இரும்புப் படிக்கட்டு ஒன்றுதான் வழி.

மருமகன் ஏசியும் வெந்நீர் ஹீட்டரும் வாங்கிவந்தார். அதற்காக அழைக்கப்பட்ட ஒயர்மேன், நடையில் என் கதவை ஒட்டியிருக்கும் மீட்டர் பலகையைப் பார்த்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்ள மறுத்தார். "கம்பத்துலேர்ந்து வர்ற ஒயரே மெலிசு சார். கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துப் பெரிய ஒயர் வாங்குங்க. மெயினுக்கு முன்னாடி நான் கை வைக்க மாட்டேன். மெயின இறக்கினாலும் அதுல உசிரு இருக்கும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் ரப்பர் கையுறை மாட்டி, மரமுக்காலியில் ஏறி, மெயின் சுவிட்சுக்கு முன்பாகவே பழைய ஒயரின் தோலைச் சீவி, புது ஒயர்களை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார். அதன்பின் அவற்றைப் படிக்கட்டின் கைப்பிடியோடு கட்டுக்கம்பியால் இறுக்கி மாடிக்குக் கொண்டுபோனார். "ஒயர்மேன் வேண்டாம்னு சொன்னாரே சார்" என்றேன். "உனக்கு ஊசி நூல் தெரியும். அதோட இரு" என்றார்.

சம்பவத்தன்று மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரப்பர் தீயும் வாடை வந்ததால் முற்றத்துக்கு வந்து பார்த்தேன். கைப்பிடியில் கட்டியிருந்த ஒயர் பல இடங்களில் கொப்புளித்திருந்தது. கட்டுக்கம்பி அழுத்திய ஓரிடத்தில் நீலமாகப் பொறி பறந்தது. அப்போது வீட்டுக்காரரின் மகள் துணி காயப்போடுவதற்காக மேல்படிக்கு வந்தார். "தங்கச்சி, தொடாத! அங்கயே நில்லு!" என்று கத்தினேன்.

என் சத்தம் கேட்டு, கீழே இருந்த மருமகன் நடைக்கு ஓடி மெயினை இறக்கினார். என் கடை விளக்கு அணைந்தது. பொறி நிற்கவில்லை. அவர் திரும்பி வந்து, "மெயின இறக்கிட்டேன். இனிமே ஒண்ணுமில்ல, எறங்கி வா" என்று மனைவியை அழைத்தார். "வேணாம் தம்பி, அதுல இன்னும் கரண்ட் இருக்கு" என்றேன். "சும்மா பயமுறுத்தாதீங்கக்கா. இதோ பாருங்க" என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தார்.

அதற்குமேல் அவருக்குக் குரல் எழவில்லை. விரல்கள் பிரியவில்லை. கண்கள் என்னையே பார்த்தன. உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றியது. உள்ளே ஓடவும் செய்தேன். ஆனால் கையில் அகப்பட்ட துணி வெட்டும் பலகையுடன் திரும்பி வந்து, அவர் முழங்கையில் ஓங்கி அடித்தேன். அவர் மல்லாக்க விழுந்தார். என் காலில் செருப்பு இருந்ததா என்பது நினைவில்லை.

அக்கம்பக்கத்தார் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கும்வரை அவர் மனைவியால் இறங்கிவர முடியவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி மேல்படியிலேயே நின்றார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே மருமகனின் உயிர் போய்விட்டதாகப் பின்னர் தெரிந்தது.

அடக்கம் முடிந்த அன்று வீட்டுக்காரர் என் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "போலீஸ் கேட்டா, உன் இஸ்திரிப்பெட்டிக்கு நீதான் ஆள் வச்சு லைன் இழுத்தேன்னு சொல்லு. பொம்பள தனியா இருக்க, யோசிச்சுக்க" என்றார். நான் சரி என்றேன். பயத்தில்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னால் தையல் மெஷின் சுவிட்சைக்கூடத் தொட முடியவில்லை.

இன்று காலை அவருடைய மகள் வந்து, "அப்பா ஒயர் கட்டினத நான் மேலேர்ந்து பாத்தேன்க்கா. நீங்க சொல்லுங்க, நானும் சொல்றேன்" என்று என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். இதைச் சொல்லி முடித்ததும் நாங்கள் இருவரும் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாவும் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கை நடுக்கம் நிற்காததால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.