ஜெயிலுக்கு எடுத்துப்போக ஒரு நாவல்

உமைர்: இருநூறு பக்கம் வரைக்கும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கல. இதுக்குப் பேரு சண்டை நாவலா?

இளவரசன்: அதான்டா அழகு! சண்டை எங்கியோ நடக்குது... நமக்குத் தெரியறது பட்டாளத்துச் சமையக்காரனும் அவன் கஞ்சி அண்டாவும்தான்.

உமைர்: அண்டா பாக்கறதுக்கு நான் எதுக்குடா பனி தேசத்துக்குப் போவணும்? எங்க வூட்டுக் கல்யாணத்துல பாத்துக்கறேன்.

மணிமொழி: உமைரு அண்ணே, நீங்க முழுசாப் படிச்சீங்களா?

உமைர்: படிச்சேம்மா. ஊர்ல போராட்டம்னு தெனம் கடையடைப்பு. ஷட்டரப் பாதி எறக்கிட்டு, அத்தா கடையில தனியா உக்காந்துக்கினு வேற இன்னா பண்றது? இந்த வாடகைப் புத்தக அலமாரிதான் கதி.

மணிமொழி: எங்க மாமா அழுதாரு, தெரியுமா?

இளவரசன்: யாரு சொன்னது?

மணிமொழி: உங்கம்மாதான். "உன் மாமன் புத்தகத்த மூஞ்சில கவுத்துக்கினு தேம்பறான், கேட்டா கண்ணு வலின்றான்"னு அத்தை சொன்னாங்க.

இளவரசன்: பின்ன... ஆத்துக்கு இந்தாண்ட ஒரு பட்டாளம், அந்தாண்ட ஒரு பட்டாளம். நடுப் பாலத்துல சமையக்காரன் அண்டாவத் தூக்கிக்கினு போறான். கஞ்சி வாசனைக்கு எதிரிக்காரன் குழிய வுட்டு எழுந்து தட்டு நீட்டறான்டா! எனக்கு அது நம்மூரு கோமுகி ஆறுதான். அந்தாண்ட கல்வராயன் மலை பூராவும் பனி...

உமைர்: வெயில்ல அங்க பாறை வெடிக்குது. இவனுக்குப் பனி பேயுதாம்!

மணிமொழி: வாசனையெல்லாம் இருக்கட்டும். அவங்கம்மா இன்னா ஆனாங்க?

இளவரசன்: எந்த அம்மா?

மணிமொழி: பாத்தியா! குதிரைச் சந்தைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் பட்டாளத்துக்குப் போறானே, அந்த அம்மா. அவனுக்குப் பாலு காய்ச்சிக்கினு நின்னாங்க. அதோட சரி. எழுதனவரு மறந்தே போயிட்டாரு. அந்தப் பாலு இன்னும் பொங்கிக்கினே கீது.

இளவரசன்: அது... கதைக்குத் தேவைப்படல.

மணிமொழி: ஆமா, தேவைப்படாது. நீ அத்தை கிட்ட எந்தச் சந்தைக்குப் போறேன்னு சொல்லிக்கீற?

இளவரசன்: மணி...

மணிமொழி: சொல்லு மாமா.

இளவரசன்: மூங்கில்துறைப்பட்டுக்கு. சக்கரை ஆலைக்குக் கரும்பு வண்டியோட போறேன்னு.

உமைர்: அடப்பாவி! நாளைக்கு இட ஒதுக்கீடு கேட்டு ரோட்ட மறிக்கப் போறவனே நீதான். எந்த வண்டிடா போவும்?

இளவரசன்: அம்மா நம்பிட்டாங்க. "பாத்துப் போடா, அவசரமாத் திரும்பி வராத"ன்னு முறுக்கு கூடக் கட்டிக் குடுத்தாங்க.

மணிமொழி: உள்ளதச் சொன்னா இன்னா?

இளவரசன்: வுட மாட்டாங்க. அப்பா போனதுலேர்ந்து அவங்களுக்கு நான் ஒருத்தன்தான். போலீசு, ஜெயிலுன்னு கேட்டா வாசல்ல குறுக்கப் படுத்துடுவாங்க. அவங்களத் தாண்டிக்கினு என்னால போவ முடியாது மணி. இத்தினி நாளா ஊரு ஊரா ஆளு சேத்துட்டு, கைதுன்னதும் நான் வூட்ல உக்காந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடமாடறது? ஒரு ராத்திரி தாண்டட்டும். நீ வாயத் தெறந்துடாத.

மணிமொழி: நானா? நான் யாரு கிட்டயும் எதையும் சொல்றதே இல்ல.

உமைர்: சரி, ஆகற வேலையப் பாரு. ஜெயிலுக்கு எது வேணும்? இது துப்பறியறது.

இளவரசன்: ஜெயில்ல உக்காந்துக்கினு திருடனத் தேடறதா? பக்கத்துலயே படுத்துக்கினு இருப்பான்.

உமைர்: இது காதல். கடல்ல போனவன் திரும்பி வரல.

மணிமொழி: வேணாண்ணே. மறுபடி தேம்புவாரு. போலீசு அடிச்சுட்டாங்கன்னு அடுத்த மறியல் ஆரம்பிச்சுடும்.

உமைர்: இது... தூக்கவே ரெண்டு கை வேணும். ஒரே குடும்பத்துல நாலு தலைமுறைக் கதை. ரெண்டு பாகம்.

இளவரசன்: குடுடா! இதுதான்!

மணிமொழி: மெலிசா ஒண்ணு எடு மாமா. இத எடுத்துக்கினு போனா, முடிக்கற வரைக்கும் வுட மாட்டாங்க.

இளவரசன்: ஜாஸ்தி நாளு வெச்சாத்தான் நல்லது. ரெண்டாம் பாகம் எங்கடா?

உமைர்: அது... வெளிய போயிருக்கு.

இளவரசன்: யாரு எடுத்தது?

உமைர்: கடைக்குன்னு ஒரு நாணயம் கீது மாப்ள. சொல்லக் கூடாது.

இளவரசன்: மணி, நீ ஏன் சிரிக்கற? அது இன்னா கையில, மஞ்சப் பை?

மணிமொழி: மாத்துத் துணி. சீப்பு. அப்புறம்... ரெண்டாம் பாகம்.

இளவரசன்: வெளையாடாத.

மணிமொழி: நாளைக்குப் பொம்பளைங்க தனியா மறிக்கறோம், கச்சிராயபாளையம் ரோட்ல. உங்களுக்கு ஒரு ஜெயிலு, எங்களுக்கு ஒரு ஜெயிலு. உள்ள போயி மாத்திப் படிக்க முடியுமா? நான் மொதப் பாகம் போன மாசமே முடிச்சுட்டேன்.

இளவரசன்: உமைரு, உனக்குத் தெரியுமா?

உமைர்: கடைக்காரனுக்குத் தெரியாமப் புத்தகம் போவுமா?

இளவரசன்: கூட்டுக் களவாணிங்களா... ஏய், உங்கப்பா எப்டி உன்ன வுட்டாரு? மாமா சினிமாவுக்கே அனுப்ப மாட்டாரே!

மணிமொழி: தனியான்னா வுட்டிருக்க மாட்டாரு. கூட ஒரு பெரியவங்க வராங்க. எங்க கும்பலுக்கே அவங்கதான் முன்னால நிக்கப் போறாங்க. அவங்க வந்து கேட்டதும் அப்பா ஒடனே சரின்னுட்டாரு.

இளவரசன்: யாரது, மாமாவ மடக்கற ஆளு?

மணிமொழி: அத்தைதான் மாமா. ஜெயிலுக்குப் போறேன்னா நீ வுட மாட்டேன்னு, உன்ன எப்டி வூட்ட வுட்டுக் கெளப்பறதுன்னு ரெண்டு நாளாத் தவிச்சிக்கினு இருந்தாங்க... நீயே கரும்பு வண்டியோட போறேன்னதும், எங்க வூட்டுக்கு ஓடியாந்து "புள்ள தொல்லை விட்டுச்சுடீ"ன்னு சிரிச்சாங்க பாரு!